மாதிரிக்கு ஒரு மௌத்து

உயிரோடு இருந்த என் மாமியை நான் ஒரே காலையில் இரண்டு தடவை மௌத்தாக்கினேன். முதல் தடவை தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை, முதலாவதைத் திருத்தப் போய் நடந்தது. இரண்டுக்கும் நான் பாவித்தது பத்துப் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட்தான்.

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். பிள்ளைகளுக்கு 'ஐசிடி சேர்'. அது போதாதென்று பேஸ்புக்கில் என் பெயருக்குக் கீழே 'வெப் டெவலப்பர்' என்றும் போட்டு வைத்திருந்தேன். இதுவரை எத்தனை வெப்சைட் செய்து முடித்திருக்கிறாய் என்று யாரும் கேட்காததால் அந்தப் பட்டம் பத்திரமாக இருந்தது.

பிறந்தது சாய்ந்தமருது, கலியாணம் முடித்தது மருதமுனை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பதினொரு வருடமாக நான் இருப்பது மனைவிக்குக் கொடுத்த வீட்டில். கொடுத்தது மனைவியின் உம்மா, அதாவது என் மாமி. கொடுத்துவிட்டு அவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மாமி பழைய ஆள். மருமகனோடு நேரே கதைப்பது மரியாதையில்லை என்று நினைப்பவர். நான் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் மகளைப் பார்த்துத்தான் சொல்வார்: "அவருக்குச் சோறு போடவா எண்டு கேளு." நானும் மனைவியைப் பார்த்து, "போடச் சொல்லு" என்பேன். எனக்கு இதில் ஒரு குறையும் இருக்கவில்லை. நேரே கதைத்தால் என்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடுமே.

இது நடந்த நாட்களில் மாமி உம்றா யாத்திரைக்குப் போக இருந்தார். கட்டாரில் இருக்கிற மச்சான் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார், இது நடந்த அன்று பயணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகிறவர்கள் புறப்பட முன்னம் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க" என்று இவர் சொல்ல, "பொருந்திட்டன், நீங்களும் என்னப் பொருந்திக்கங்க" என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுவார்கள். மாமி இரண்டு கிழமையாக இதே வேலையாகத் திரிந்தார். அடுத்த வீடு, பின் வளவு, தெருவின் இரண்டு அந்தம், மீன் கொண்டு வருகிறவர், முப்பது வருடத்துக்கு முன்னம் கோழிக்குக் கல்லெறிந்த வீடு, எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வீடு மட்டும் மிச்சம். நற்பிட்டிமுனையில் இருக்கிற அவருடைய சொந்தத் தங்கச்சி வீடு.

மனைவிக்கு சாச்சி, அதனால் எனக்கும் சாச்சி. அக்கா தங்கச்சிக்கு இரண்டு வயதுதான் வித்தியாசம். நீ, நான் என்று கதைத்து வளர்ந்தவர்கள். அப்போது பதினொரு வருடமாகக் கதை பேச்சில்லை. கணக்குப் பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும், சண்டை தொடங்கியது என் கலியாணத்தில். மாமி வேலைக் கெடுபிடியில் தங்கச்சி வீட்டுக்கு நேரே போய்க் கலியாணம் சொல்லவில்லை. யாரோ போகிற ஆளிடம் கலியாணக் காட் கொடுத்து அனுப்பிவிட்டார். "கூடப் பொறந்தவளுக்குக் காட்டுல சொல்ற நீயெல்லாம் ஒரு ராத்தாவா?" என்று சாச்சி கலியாணத்துக்கு வரவில்லை. "கூடப் பொறந்தவளுக்குச் சொல்லவும் வேணுமா?" என்று மாமி பதில் சொல்லி அனுப்பினார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை முடியவே இல்லை. நான் இது பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. நான் வாய் திறந்தால், இந்தக் கலியாணமே தேவைதானா என்ற இடத்தில் வந்து நிற்கும்.

மனைவி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். "அவள் வரட்டும்" என்பார் மாமி. அங்கே சாச்சியும் அதையே சொல்கிறார் என்று செய்தி வரும். ஒரு நாள் குசினியில் மனைவி அழுதாள். "ஊரெல்லாம் பொருத்தம் கேட்டுட்டு, தங்கச்சியோட இந்த மனசோட போய் உம்மா கஃபாவுக்கு முன்னுக்கு எப்பிடி நிக்கிற?" எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் கவலையோடு நான் செய்த காரியம், கொம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்ததுதான்.

அப்போது என் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது, யாரும் கேட்காமல் நானாக ஏற்றுக்கொண்ட வேலை. ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதோடு, அடக்க வேலைகளைப் பார்க்கிற ஜனாஸா சங்கத்துச் செயலாளர் வாட்ஸ்அப் குறூப்களிலும் போடுவார். அவர் அரிசிக் கடை வைத்திருப்பவர். ஒரு கையால் அரிசி நிறுத்துக்கொண்டு மறு கையால் தட்டுவார். பின்னேரம் அஸருக்கு அடக்கம் என்பது இரவு இஷாவுக்கு என்று போகும். சனம் மையவாடிக்கு வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். தேநீர்க் கடையில் அவர் இதைச் சொல்லிக் குறைப்பட்டபோது நான் முந்திக்கொண்டேன்: "இதுக்கு நான் ஒரு சைட் செஞ்சு தாறன் காக்கா." கடையில் இருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சைட் என்றால் இரண்டே இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு படிவம்: தெரு, பெயர், உறவுகள், ஜனாஸா வீடு, அடக்கம் செய்யும் நேரம். நிரப்பிவிட்டுப் பொத்தானை அமத்தினால் இரண்டாம் பக்கம் திறக்கும். கறுப்புக் கரை போட்ட அறிவித்தலில் எல்லாம் உரிய இடத்தில் வந்து நிற்கும். முதல் பக்கத்தில் எழுதியது இரண்டாம் பக்கத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் என் வித்தை. சர்வர் இல்லை, தரவுத்தளம் இல்லை. இலவசமாகக் கிடைத்த இடத்தில் அதெல்லாம் தரமாட்டார்கள். ஆகவே முதல் பக்கத்து ஸ்கிரிப்ட், இரண்டாம் பக்கத்தின் விலாசத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, விபரங்களை வரிசையாகத் தொங்கவிடும். தெரு சமன் இன்னது, பெயர் சமன் இன்னது என்று ஒரு நீண்ட வால். இரண்டாம் பக்கத்து ஸ்கிரிப்ட் அந்த வாலைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, அறிவித்தலில் ஒட்டும். எல்லாம் பார்க்கிறவரின் போனுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். வாலோடு சேர்த்து அந்த விலாசத்தை ஒருவருக்கு அனுப்பினால் அவருடைய போனிலும் அதே அறிவித்தல் திறக்கும்.

இதை மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப வால் அறுந்தா?"

"அது ஏன் அறுகிற?" என்றேன். ஐசிடி சேரிடம் துணி மடிக்கிற பெண் கேட்ட கேள்வி என்று அதைத் தள்ளிவிட்டேன். பாடசாலையில், பாவனையாளர் பிழையாக உள்ளிட்டால் என்ன நடக்கும் என்று எப்போதும் யோசிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவனும் நான்தான்.

இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தால் அதன் அழகு தெரியவில்லை. ஆகவே மாதிரிக்கு ஒரு மௌத்தை அதில் எழுதி வைத்தேன். வாலில் விபரம் வந்தால் ஸ்கிரிப்ட் மாதிரியை அழித்துவிட்டு உண்மையை எழுதும். வராத இடங்களில் மாதிரி அப்படியே நிற்கும். மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டும். எங்கள் ஊர் அறிவித்தலில் பெயர் மட்டும் போதாது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி, இன்னாரின் மாமியார் என்று நீளமாகப் போக வேண்டும். அந்த நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்ப்பதற்காகத்தான் மாதிரியே. அத்தனை உறவும் பெயரோடு எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே ஆள் மாமி.

அது மட்டும்தான் காரணம் என்று நான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. மாதிரியை எழுதிய அன்று காலையில் மாமி என் காதில் விழும்படியாக மகளிடம் சொல்லியிருந்தார்: "அந்தப் பொட்டிக்கு முன்னால குந்திட்டிரிக்கிற நேரத்துக்கு, ஒழுகுற பைப்ப ஒருக்காப் பாக்கச் சொல்லு." பைப் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது, அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் கோபம் வந்தது. மாமியின் பெயரை எழுதி, எங்கள் வீட்டு விலாசத்தையும் போட்டு, 'இன்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்' என்று முடித்தபோது எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும். பிறகு அதை மாற்ற மறந்துபோனேன்.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் கடற்கரை வீதியில் ஒரு முதியவர் மௌத்தானார். ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் சரியாகவே போனது. செயலாளர் முதல் தடவையாக என் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அமத்தினார். எல்லாம் சரியாக வந்தது. "மாஷா அல்லாஹ், சோக்கா இரிக்கி சேர்" என்று எனக்குக் கோல் எடுத்துச் சொன்னார். பிறகு, பகிர்வதற்கென்று நான் விசேஷமாகச் செய்து வைத்திருந்த ஒரு பெட்டியில் இருந்த எழுத்தைக் கொப்பி பண்ணி, தன்னிடம் இருந்த அத்தனை குறூப்களிலும் போட்டார்.

பிழை அந்த விசேஷப் பெட்டியில்தான் இருந்தது. பொத்தானை அமத்திப் போகும்போது, சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை பிரவுசரே வேறு குறிகளாக மாற்றி வாலைக் காப்பாற்றிவிடும். பெட்டிக்குள் நான் வெறும் எழுத்தாக ஒட்டி வைத்திருந்தேன். அதை மாற்றுவதற்கு ஒரேயொரு கட்டளை போதும், நான் போடவில்லை. சோதித்துப் பார்த்தபோது தெருவுக்கு 'அஅஅ', பெயருக்கு 'ஆஆஆ' என்று தட்டினேன். இடைவெளியே இல்லாத மனிதர்கள் இடைவெளியே இல்லாத தெருக்களில் மௌத்தாகும் ஓர் ஊருக்குத்தான் நான் சைட் செய்திருந்தேன். வாட்ஸ்அப்போ, இடைவெளி வந்த இடத்தில் விலாசம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 'தெரு சமன் கடற்கரை' என்பதோடு நீல எழுத்து நின்றுவிட்டது. 'வீதி'யும் அந்த முதியவரின் பெயரும் மற்ற எல்லாமும் கறுப்பாகக் கீழே கிடந்தன. கறுப்பை யார் வாசிக்கிறார்கள்? எல்லோரும் நீலத்தைத் தொட்டார்கள். தொட்ட எல்லோருடைய போனிலும் எங்கள் மாமி மௌத்தாகியிருந்தார்.

மாமி அந்த நேரம் குசினிக்குப் பின்னால் கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் முன் அறையில், செயலாளர் சொன்ன மாஷா அல்லாஹ்வை மனதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின் வளவுப் பெண் ஒருத்தி பக்கத்துப் படலையால் அழுதுகொண்டு ஓடி வந்தாள். "ராத்தா, எங்களயெல்லாம் உட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று அவள் கத்த, மாமி கத்தியும் கையுமாக எழும்பி, "ஆருகா மௌத்து?" என்று கேட்டார். அவள் மாமியைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குள் முன் கேற்றில் சத்தம். சங்கத்து ஆட்கள் லேண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் பிளாஸ்டிக் கதிரைகள் கொண்டு வந்து இறக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிற அம்மாள் தன் பையோடு நேரே உள்ளே வந்தார். மாமி அவரை எதிர்கொண்டு ஸலாம் சொன்னார். ஸலாத்துக்குப் பதில் சொன்ன பிறகும் அந்த அம்மாள் மாமியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப ஆரக் குளிப்பாட்டுற?" என்று கேட்டார், கொஞ்சம் கோபமாக.

நான் போனைத் திறந்து நீலத்தைத் தொட்டேன். என் பக்கம், என் கறுப்புக் கரை, என் நீளமான உறவு வரிசை, பெட்டிக்குள் அழகாக அடங்கியிருந்தது. இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மாமிக்கு என்ன ஆகும் என்ற யோசனை இரண்டாவதாகத்தான் வந்தது. என் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே திருத்த வேண்டும். படிவத்தைத் திறந்தேன், அந்த முதியவரின் விபரத்தைக் கவனமாக நிரப்பினேன், 'முன்னைய அறிவித்தலில் தவறு, சரியான விபரம் இதோ' என்று எழுதி, அதே விசேஷப் பெட்டியிலிருந்து கொப்பி பண்ணி எல்லாக் குறூப்களிலும் போட்டேன். அது மறுபடியும் கடற்கரையோடு அறுந்தது. முன்னம் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கெல்லாம், மாமி நிச்சயமாக மௌத்துத்தான் என்று வீட்டு மருமகனே உறுதிப்படுத்தியதாக ஆகிவிட்டது. ஒரே நாளில் ஊரில் இரண்டு மௌத்து என்று ஆட்கள் கூடுதலாக வந்தார்கள்.

மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். மைக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு, "எங்கட உம்மா உசிரோட சுகமா இரிக்கா. இது எங்கட வீட்டு ஆளுட வேல" என்று பேசி அனுப்பினாள். என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டு ஆள் என்றால் யாரென்று ஊருக்கு விளங்கும். அதற்குப் பிறகுதான் நான் அந்த மாதிரியை அழித்தேன், விடுபட்ட கட்டளையையும் எழுதினேன். இரண்டு நிமிட வேலை. முடித்துவிட்டு கடற்கரை வீதிக்கு ஓடி, மௌத்தானவரின் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுத கண்ணோடு என் தோளில் தட்டினார். "வாப்பாட பேரு ஸ்பீக்கர்ல சரியாப் போச்சு சேர். நீங்க போய் மாமியப் பாருங்க" என்றார். அந்தத் துக்கத்திலும் அவருக்கு என் மேல் பரிதாபம் வந்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது, மாமி மீன் கையைக் கழுவி, நல்ல சாரி உடுத்து, முக்காடு போட்டுக்கொண்டு, தன்னுடைய மௌத்துக்கு வந்த கதிரை ஒன்றிலேயே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களை அவரே வரவேற்றார். முதலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்கும். பிறகு அவருக்கு அது பிடித்துப்போனது. "என்னப் பத்தி என்ன கதச்சிட்டு வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நல்லவ என்று கதைத்தோம் என்றார்கள். வேறு என்ன சொல்வது? சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார்கள்.

வெயில் ஏறியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். கதிரைகளைத் திருப்பி ஏற்ற ஆட்கள் வந்தபோது மாமி எழும்பவில்லை. மனைவி போய், "போதும் உம்மா, உள்ளுக்கு வாங்க" என்றாள். "இரி புள்ள" என்றார் மாமி. அவர் கண் கேற்றில் இருந்தது. அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டு தடவை மௌத்தாக்கியதைவிட இதுதான் நான் அவருக்குச் செய்த பெரிய அநியாயம். தன் மௌத்துக்கு யார் வரவில்லை என்பதை உயிரோடு இருந்து பார்க்கிற தண்டனை எந்த மனிதருக்கும் கிடைக்கக் கூடாது.

பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மாமி தொழுதுவிட்டு வந்தார். நேரே என் முன்னால் வந்து நின்றார். மனைவி பக்கத்தில் இல்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மகன், அந்தச் செய்தி நற்பிட்டிமுனைக்கும் போயிருக்கா?"

"தெரியா மாமி" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க."

குடும்பக் குறூப்பில் சாச்சி இருக்கிறார். செயலாளர் போட்ட அறிவித்தலைப் பெருமைக்காக அதற்குள்ளும் அனுப்பியது நான்தான், தொட்டுக்கூடப் பார்க்காமல். கோமாரி என்ற ஊரில் படிப்பிக்கிற அவருடைய மகள், தன் பழைய போனை உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். முதல் அறிவித்தலை யார் யார் பார்த்தார்கள் என்று நான் காலையிலேயே பார்த்திருந்தேன். "போயிருக்கு மாமி. பார்த்திருக்காங்க. பிறகு அனுப்பின ஒண்டையும் பார்க்கல்ல" என்றேன். சொல்லும்போது தரையைப் பார்த்தேன்.

மாமி அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்தார்.

"ஓட்டோ ஒண்டு புடிங்க மகன். எண்ட மையித்துக்கு வராதவள்ற வீட்டுக்கு நான் உசிரோட போறன்."

மனைவியும் மாமியும் பின்னால். நான் முன்னால் சாரதியோடு, பாதி உள்ளே பாதி வெளியே. வழி முழுக்க நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்: சாச்சி, இது பிரவுசருக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடையில் நடந்த விஷயம், விலாசத்தின் பின்னால் ஒரு வால் இருக்கிறது. எங்கே தொடங்கினாலும் முட்டாள் நானாகவே வந்து நின்றேன்.

நற்பிட்டிமுனையில் அந்த வீட்டுக் கேற் பாதி திறந்து கிடந்தது. முன்னால் யாரும் இல்லை. வீட்டின் பின்னாலிருந்து விறகுப் புகை வந்தது. போனோம். மூன்று கல் வைத்து, மேலே பெரிய கிடாரம் ஏற்றி, அதில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சட்டியில் இறைச்சி ஆணம். சாச்சி அகப்பையோடு நின்றார். முகம் வீங்கிக் கண் சிவந்திருந்தது. போன் கிணற்றுக் கட்டில் கவிழ்ந்து கிடந்தது.

மாமியைக் கண்டதும் சாச்சி எதையோ ஓதிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். நான் பாய்ந்து முன்னால் போய், "சாச்சி, அது ஒண்டுமில்ல, விலாசத்துட வால்..." என்று தொடங்கினேன். இரண்டு பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

"நீ மௌத்தாகல்லயா?" என்று கேட்டார் சாச்சி.

"இல்ல" என்றார் மாமி.

"அப்ப இந்தச் சோறு? நாப்பது பேருக்கு ஆக்குறன்."

"எண்ட மௌத்துக்கு வராம, இஞ்ச நிண்டு சோறாக்குறியா?"

"மௌத்து ஊட்டுல அடுப்பு மூட்டுவாங்களா? உண்ட புள்ள பசியோட இரிப்பாளே. ஆரு ஆக்கிக் குடுக்கிற?" சாச்சிக்கு மூச்சு வாங்கியது. "அதில தங்கச்சி எண்டு எண்ட பேரப் போட்டிருந்திச்சு. பாத்தன். அப்ப நான்தானே ஆக்கோணும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். மாமி கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இறக்கு, குழையப் போகுது" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துக் கிடாரத்தை இறக்கினார்கள். நான் உதவப் போனேன். "நீங்க தள்ளுங்க மகன், சுட்டுக்கப் போறீங்க" என்றார் மாமி. அது சரியான முடிவுதான்.

சாச்சி சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, ஆணத்தை ஊற்றி, குசினியில் பாய் விரித்து நடுவில் வைத்தார். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். மௌத்து வீட்டுக்கென்று ஆக்கிய சோற்றை மௌத்தானவரோடு சேர்ந்து நான் சாப்பிட்டேன். பசி இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. மாமி நாலைந்து கவளம் சாப்பிட்டார். பிறகு கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஒம்பது நாளுல பயணம். என்னப் பொருந்திக்க தங்கச்சி. அண்டைக்கு நான் நேர வந்து சொல்லியிரிக்கோணும்."

"அத நான் காலையிலயே பொருந்திட்டன்" என்றார் சாச்சி. "நீ மௌத்தெண்டு கண்டவுடன பொருந்திட்டன். இப்ப உசிரோட வந்து இரிக்காய் எண்டு திருப்பி எடுக்கேலுமா?"

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

"பொருந்திட்டாய் எண்டா அத வந்து எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே. காலையிலயிருந்து வாசலயே பாத்துட்டிருந்தன்."

சாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை. "சொல்லத்தான் வெளிக்கிட்டன் ராத்தா. இந்தக் கேற் வரைக்கும் வந்தன். போய்ச் சொன்னாலும் கேக்கிறதுக்கு நீ இரிக்க மாட்டாயே எண்டு நெனச்சன். அதுக்குப் பிறகு கால் எழும்பல்ல. திரும்பி வந்துதான் அடுப்ப மூட்டினன்."

மாமி சஹனில் தன் பக்கம் இருந்த இறைச்சித் துண்டை எடுத்து, சாச்சியின் பக்கத்துச் சோற்றில் வைத்தார்.